குறைந்த செலவில் கைபேசிப் பேச்சும் இணையமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு ரீசார்ஜ் என்ற நிலை வந்துவிட்டது. கரண்ட் பில்லை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்துக் கட்டுகிறவர்கள்கூட ரீசார்ஜ் தொகையைக் கணக்குப் பார்ப்பதில்லை. கடைக்காரர் சொன்னதையோ, போன முறை போட்டதையோ மறுபடியும் போடுகிறார்கள். அக்கம்பக்கத்திலும் உறவிலும் அடிக்கடி எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விலைகள் 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகும் 2025இலும் தமிழ்நாட்டில் நடப்பில் இருந்தவை. நிறுவனங்கள் அடிக்கடி மாற்றுவதால், பணம் கட்டும் முன் அந்தந்த நிறுவனத்தின் செயலியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தத் திட்டம் மலிவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விலையை நாள்களால் வகுங்கள். 299 ரூபாய்க்கு 28 நாள் என்றால் நாளுக்கு 10 ரூபாய் 68 காசு. 199 ரூபாய்க்கு 28 நாள் என்றால் 7 ரூபாய் 11 காசு. இந்த ஒரு வகுத்தலைச் செய்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

28 நாளை ஒரு மாதமாக நினைப்பதுதான் பலரும் கவனிக்காத செலவு. ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை ரீசார்ஜ் செய்கிறோம். 299 ரூபாய் திட்டம் ஆண்டுக்கு 3,588 ரூபாய் ஆகாது, 3,887 ரூபாய் ஆகும். இது குறித்துப் புகார்கள் குவிந்ததால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2022 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் செல்லுபடியாகும் திட்டத்தையும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டத்தையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். சம்பளத் தேதியை ஒட்டிச் செலவு செய்கிறவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம். அதற்கும் அதே வகுத்தலைப் போட்டுப் பாருங்கள். 30 நாள் என்பதாலேயே மலிவாகிவிடாது.

என் அம்மா பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். அவருக்கும் 299 ரூபாய் போட வேண்டுமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இணையமே பயன்படுத்தாத கோடிக்கணக்கானோர் பல ஆண்டுகளாக டேட்டாவுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவந்தார்கள். அழைப்பு மட்டும் தரும் திட்டம் கடையில் கிடைக்கவில்லை. 2024 டிசம்பர் 23 அன்று ட்ராய் தன் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளைத் திருத்தி, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டத்தை ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இத்தகைய சிறப்புத் திட்டங்களுக்கு 90 நாளாக இருந்த உச்ச வரம்பையும் 365 நாளாக உயர்த்தியது.

அதன்படி 2025 ஜனவரியில் வந்த திட்டங்களில் ஜியோவில் 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1,748 ரூபாய். ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய். எல்லாவற்றிலும் நாடு முழுவதும் வரம்பில்லாத அழைப்பு உண்டு. நாளுக்கு ஐந்து ரூபாயைச் சற்றே தாண்டுகிறது. 28 நாளுக்கு ஒருமுறை 299 ரூபாய் போட்டுவந்த அம்மாவுக்கு இந்த ஓராண்டுத் திட்டத்தைப் போட்டால் ஆண்டுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் பெறும் ஒரு பெண்ணுக்கு 299 ரூபாய் என்பது அந்தத் தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அவர் ஒருமுறைகூடத் தொடாத டேட்டாவுக்காக அது போக வேண்டிய அவசியமே இல்லை. வங்கியில் பணம் ஏறிய செய்தி குறுஞ்செய்தியாகத்தான் வருகிறது. அது வந்துசேர டேட்டா தேவையில்லை, கட்டணமும் இல்லை.

தடங்கல் ஒன்று உண்டு. கூலி வேலைக்குப் போகிறவரால் 1,849 ரூபாயை மொத்தமாக எடுத்து வைக்க முடியாது. அதனாலேயே கையில் காசு குறைவாக இருப்பவர்கள் சிறு திட்டங்களைப் போட்டு நாளுக்கு அதிகம் கட்டுகிறார்கள். இது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது. பிள்ளைகள் வெளியூரில் சம்பாதிக்கிறார்கள் என்றால், பொங்கலுக்குப் புடவை எடுத்துக் கொடுக்கும்போது பெற்றோருக்கு ஓராண்டு ரீசார்ஜையும் சேர்த்துப் போட்டுவிடலாம்.

கடையில் கேட்டால் அப்படி ஒரு திட்டமே இல்லை என்கிறார்களே?

தொகையைச் சொல்லிக் கேளுங்கள். “பேசுவதற்கு மட்டும்” என்று பொதுவாகக் கேட்டால் சிலருக்கு நினைவுக்கு வராது. “84 நாளுக்கு 448 போடுங்கள்” என்றால் போட்டுவிடுவார்கள். நிறுவனங்களின் செயலியில் இந்தத் திட்டங்கள் முதல் திரையில் வருவதில்லை, கீழே தள்ளித் தேட வேண்டும்.

ஸ்மார்ட்போனில் இந்தத் திட்டத்தைப் போட்டால் வைஃபை இல்லாத இடத்தில் இணையம் துளியும் கிடைக்காது, பணம் அனுப்பும் செயலிகளும் வேலை செய்யாது. மொபைல் டேட்டாவை அணைத்தே வைத்திருங்கள்.

பட்டன் போனில் எந்த சிம் வேண்டுமானாலும் போடலாமா?

முடியாது. ஜியோவுக்கு 2ஜி வலையமைப்பே கிடையாது, தொடக்கத்திலிருந்தே 4ஜிதான். பழைய நோக்கியா போன்ற 2ஜி கைபேசியில் ஜியோ சிம் பேசாது. ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பிஎஸ்என்எல் ஆகியவை 2ஜி சேவையும் தருவதால் அவற்றில் பேசலாம்.

ஜியோ 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு ஜியோபாரத் என்ற 4ஜி பட்டன் போனைக் கொண்டுவந்தது. அதற்கு 28 நாளுக்கு 123 ரூபாய்த் திட்டம் உண்டு, கொஞ்சம் டேட்டாவும் சேர்ந்தது. ஆனால் அந்த விலை அந்தக் கைபேசிக்கு மட்டுமே. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

நாளுக்கு 1.5 ஜிபி எனக்கு உண்மையில் தேவையா?

போனின் அமைப்புகளில் டேட்டா பயன்பாடு என்ற பகுதியைத் திறந்து கடந்த மாதக் கணக்கைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் செய்தி, எப்போதாவது வரும் படம், கூகுள் பே, ரயில் டிக்கெட் என்று இருப்பவர்களுக்கு மாதம் 2 ஜிபி போதும். அவர்களுக்கு ஏர்டெல்லின் 199 ரூபாய்த் திட்டம் பொருந்தும். 28 நாளுக்கும் சேர்த்து 2 ஜிபி, அழைப்புக்கு வரம்பில்லை. அதில் நாள் வரம்பு கிடையாது என்பதும் ஒரு வசதி. ஒரு நாள் அதிகம் செலவழித்து மறுநாள் தொடாமல் இருக்கலாம். நாள் வரம்புத் திட்டங்களில் மிச்சமாகும் டேட்டா நள்ளிரவோடு போய்விடும். வீட்டிலும் அலுவலகத்திலும் வைஃபை இருப்பவர்கள் 1.5 ஜிபி திட்டம் போடுவது பெரும்பாலும் வீண்.

படம், தொடர், கிரிக்கெட் எல்லாம் கைபேசியில்தான் என்றால் நாள் வரம்புத் திட்டமே சிக்கனம். 199 போட்டுவிட்டுத் தினமும் கூடுதல் டேட்டா பேக் வாங்கினால், மாதக் கடைசியில் 299ஐத் தாண்டியிருக்கும்.

மதியத்துக்குள் டேட்டா தீர்ந்துவிடுகிறது. என்ன காரணம்?

பெரும்பாலும் வீடியோதான். யூடியூபில் 360பி தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஏறத்தாழ 300 எம்பி ஆகும். 480பி என்றால் அரை ஜிபி அளவுக்குப் போகும். 1080பி என்றால் ஒன்றரை ஜிபியும் அதற்கு மேலும் போகலாம். கையளவு திரையில் 360பிக்கும் 1080பிக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. யூடியூப் அமைப்புகளில் மொபைல் டேட்டாவுக்கான வீடியோ தரத்தைக் குறைந்த டேட்டா என்று ஒருமுறை மாற்றிவிட்டால் போதும், ஒவ்வொரு வீடியோவுக்கும் மாற்ற வேண்டியதில்லை.

காலையில் சுப்ரபாதமோ கந்த சஷ்டி கவசமோ கேட்பதற்காக யூடியூபைத் திறந்து போனைக் கவிழ்த்து வைக்கிற வீடுகள் நிறைய. பார்க்காத படத்துக்கும் டேட்டா ஓடிக்கொண்டிருக்கும். தினமும் கேட்கும் பாடல்களை ஒலி மட்டும் தரும் செயலியில் கேட்டால் சில எம்பியோடு முடிந்துவிடும். வானொலி ஏற்கும் போன் என்றால் அதுவும் வேண்டாம்.

வாட்ஸ்அப்பிலும் ஒரு மாற்றம் செய்யுங்கள். குடும்பக் குழுவில் வரும் ‘காலை வணக்கம்’ வீடியோக்கள் எல்லாம் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். சேமிப்பகமும் தரவும் என்ற பகுதியில், மொபைல் டேட்டாவில் இருக்கும்போது எதுவும் தானாக இறங்க வேண்டாம் என்று குறிக்கலாம். வேண்டியதைத் தொட்டால் இறங்கும். பிளே ஸ்டோரில் செயலிகளின் புதுப்பிப்பை வைஃபை இருக்கும்போது மட்டும் என்று மாற்றுங்கள். குழந்தைகள் ரீல்ஸ், ஷார்ட்ஸ் போன்ற குறுவீடியோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் பழக்கம்தான் இன்று டேட்டாவை அதிகம் தின்கிறது. அடுத்தடுத்த வீடியோவை நாம் பார்க்கும் முன்பே செயலி இறக்கி வைத்துக்கொள்கிறது.

வரம்பு தீர்ந்த பிறகு இணையமே வராதா?

நாள் வரம்புத் திட்டங்களில் இணையம் நிற்காது, வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறையும். ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேலாகும். வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், பொறுமை இருந்தால் பணம் அனுப்புவதும் நடக்கும், வீடியோ ஓடாது. அவசரம் இல்லையென்றால் கூடுதல் பேக் வாங்காமல் நள்ளிரவு வரை சமாளிக்கலாம்.

மாதம் முழுவதற்கும் சேர்த்து டேட்டா தரும் திட்டங்களில் வரம்பு தீர்ந்தபின் விதி வேறாக இருக்கும். வாங்கும்போதே அதைப் படித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் பேசினால் இலவசம், சாதாரண அழைப்புக்குக் காசு போகும் என்கிறார்களே?

உள்நாட்டு அழைப்புக்கு அது பழைய கதை. இந்தியாவில் 1995இல் கைபேசி வந்தபோது வரும் அழைப்புக்கும் சேர்த்து நிமிடக் கணக்கில் கட்டணம் இருந்தது. 2003இல்தான் வரும் அழைப்பு இலவசமானது. அடுத்த நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்தால் அந்த நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய இணைப்புக் கட்டணம் நிமிடத்துக்கு 14 காசாக இருந்தது. அது 2017 அக்டோபரில் 6 காசாகக் குறைந்து, 2021 ஜனவரி 1 முதல் முற்றிலும் நீக்கப்பட்டது. வரம்பில்லாத திட்டம் வைத்திருப்பவர் சென்னைக்குப் பேசினாலும் டெல்லிக்குப் பேசினாலும் காசு போகாது. வேறு மாநிலத்தில் இருந்துகொண்டு பேசினாலும் அப்படியே.

வாட்ஸ்அப்பில் பேசும்போதுதான் உங்கள் டேட்டா செலவாகிறது. குரல் அழைப்புக்குக் கொஞ்சம், வீடியோ அழைப்புக்கு நிறைய. 4ஜி வழியே போகும் சாதாரண அழைப்பு உங்கள் டேட்டாவிலிருந்து கழிக்கப்படாது. முகம் பார்க்க வேண்டும் என்றால் வாட்ஸ்அப், மற்றபடி சாதாரண அழைப்பு.

வீட்டுக்குள் சிக்னல் இல்லை, ஆனால் வைஃபை இருக்கிறது என்றால் போனில் வைஃபை அழைப்பு என்ற வசதியை இயக்குங்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. தனிக் கட்டணம் இல்லை.

வெளிநாட்டில் இருப்பவரோடு பேசுவது எப்படி?

அங்கேதான் வாட்ஸ்அப் உண்மையில் மிச்சப்படுத்துகிறது. நேரடிப் பன்னாட்டு அழைப்பு வரம்பில்லாத திட்டத்தில் அடங்காது. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என்றால் வாட்ஸ்அப் போதும்.

துபாய், அபுதாபி, ஷார்ஜா அடங்கிய ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு தடுக்கப்பட்டுள்ளது. எழுத்துச் செய்தியும் குரல் பதிவும் போகும், பேச முடியாது. போட்டிம் போல அங்கே அனுமதிக்கப்பட்ட செயலிகளை இரு பக்கமும் நிறுவிக்கொள்ள வேண்டும். முதன்முறை அங்கே வேலைக்குப் போகிறவர் விமானம் ஏறும் முன்பே ஊரில் இருப்பவர்களின் போனில் அதை நிறுவிக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போவது நல்லது. போய்ச் சேர்ந்த செய்தி வரவில்லை என்று வீட்டில் தவிக்க வேண்டியிருக்காது.

வங்கிக்குக் கொடுத்த இரண்டாவது எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் வைத்திருந்தால் போய்விடுமா?

ட்ராய் 2013இல் வகுத்த விதிப்படி, தொடர்ந்து 90 நாள் அழைப்போ செய்தியோ டேட்டாவோ எதுவுமே நடக்காவிட்டால்தான் முன்கட்டண (ப்ரீபெய்ட்) எண்ணை முடக்கலாம். அப்போதும் கணக்கில் 20 ரூபாயாவது இருப்பு இருந்தால், அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் எண்ணைக் காக்க வேண்டும். எனவே முதன்மை இருப்பில் சிறிது பணம் வைத்திருங்கள். 10 ரூபாய் டாப் அப் போட்டால் வரியும் சேவைக் கட்டணமும் போக 7 ரூபாய் 47 காசு ஏறும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஆனால் எண் உங்கள் பெயரில் இருப்பது வேறு, அதில் அழைப்பும் ஓடிபி எனும் கடவு எண்ணும் வருவது வேறு. திட்டம் முடிந்து சில நாளில் வெளியே பேசுவது நிற்கும், பிறகு வரும் அழைப்பும் நிற்கும். வங்கி, ஆதார், எரிவாயு எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்றால் அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். முடக்கப்பட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குக் கொடுக்கப்படும், அதன்பின் உங்கள் வங்கியின் செய்திகள் அவருக்குத்தான் போகும். இரண்டு எண்ணைக் காப்பாற்றச் செலவு செய்வதைவிட, வங்கிக் கிளைக்கு ஒருமுறை போய் முதல் எண்ணுக்கே எல்லாவற்றையும் மாற்றிவிடுவது மேல்.

பிஎஸ்என்எல்லுக்கு மாறலாமா?

டவர் இருக்கும் ஊரில் மாறலாம். 2024 ஜூலையில் மற்ற மூன்று நிறுவனங்களும் விலையை உயர்த்தியபோது பிஎஸ்என்எல் உயர்த்தவில்லை. உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைந்த அதன் 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் சில திட்டங்களில் விலையை அப்படியே வைத்துவிட்டு நாள்களைக் குறைத்திருக்கிறது. இங்கும் வகுத்தல் கணக்கு வேண்டும்.

மாறும் முன், அந்த எண் வைத்திருக்கும் அண்டை வீட்டாரின் போனை வாங்கி உங்கள் வீட்டு அறையிலிருந்தும் வேலை செய்யும் இடத்திலிருந்தும் பேசிப் பாருங்கள். எந்த நிறுவனத்துக்கும் இதுவே சிறந்த சோதனை. நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் சேவைப் பரப்பு வரைபடம் வெளியிட வேண்டும் என்ற விதியும் இப்போது இருக்கிறது. பழைய பிஎஸ்என்எல் சிம் வைத்திருப்பவர்கள் 4ஜி சிம்மாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

எண் மாறாமல் நிறுவனம் மாறுவது எப்படி?

இந்த உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. ஆங்கிலத்தில் போர்ட் (PORT) என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். எட்டு எழுத்துள்ள குறியீடு வரும், அது நான்கு நாள் செல்லும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போனால், ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிடும். தமிழ்நாடு, சென்னை, புதுச்சேரி எல்லாம் இதில் ஒரே வட்டம்தான்.

இப்போதைய நிறுவனத்தில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். பின்கட்டணம் (போஸ்ட்பெய்ட்) என்றால் பாக்கி இருக்கக் கூடாது. உங்கள் திட்டத்தில் குறுஞ்செய்தி வசதி இல்லை என்ற காரணத்தால் 1900க்கு அனுப்புவதைத் தடுக்கக் கூடாது என்று ட்ராய் 2021 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. பழைய திட்டத்தில் மிச்சமிருக்கும் நாள்கள் கூட வராது. ஆகவே முடியும் தறுவாயில் மாறுங்கள்.

வீட்டுக்கு ஃபைபர் போட்டால் மிச்சமாகுமா?

மாதம் 399 ரூபாய் என்று விளம்பரம் செய்யும் 30 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து 471 ரூபாய் ஆகும். முன்கட்டண ரீசார்ஜில் வரி உள்ளடங்கியிருக்கும், வீட்டு இணைப்பில் தனியே வரும்.

நால்வர் குடும்பத்தில் எல்லோருக்கும் 299 என்றால் 1,196 ரூபாய். ஃபைபருக்கு 471, வெளியே போகும் இருவருக்கு 199 வீதம் 398, வீட்டில் இருக்கும் இருவருக்குப் பேச்சு மட்டும் என்றால் 28 நாள் கணக்கில் ஏறத்தாழ 299. கூட்டினால் 1,168 ரூபாய். பணத்தில் பெரிய மிச்சம் இல்லை. ஆனால் பிள்ளைகளின் பாடத்துக்கும் தொலைக்காட்சிக்கும் டேட்டாவை எண்ண வேண்டியதில்லை. ஐந்தாறு பேர் இருக்கும் வீடு என்றால் தயங்காமல் போடலாம். தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவருக்குக் கைபேசி ஹாட்ஸ்பாட்டே போதும்.

விலை ஏன் இப்படி ஏறிக்கொண்டே போகிறது?

2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாகத் தொடங்கியபோது பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இருந்தன. ஒரு ஜிபிக்கு 250 ரூபாய் அளவில் கொடுத்துவந்தோம். அந்தப் போட்டியில் விலை சரிந்தது, நிறுவனங்களும் சரிந்தன. 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கி நம் ஊர்களில் வேரூன்றியிருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. சிக்னல் அறுந்து, வேறு நிறுவனத்துக்கு மாறும் குறியீடுகூடக் கிடைக்காமல் மக்கள் கடை கடையாக அலைந்தார்கள். அதே ஆண்டு வோடஃபோனும் ஐடியாவும் இணைந்தன. இப்போது தனியாரில் மூன்றே நிறுவனங்கள். 2019 டிசம்பர், 2021 இறுதி, 2024 ஜூலை என்று மூன்று முறையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விலையை உயர்த்தின. ட்ராய் விலையைத் தீர்மானிப்பதில்லை, நிறுவனங்களின் முடிவுக்கே விட்டிருக்கிறது. போட்டி குறைந்த சந்தையில் அது சரியான வழி என்று நான் நினைக்கவில்லை.

கேட்காமலேயே இருப்பிலிருந்து பணம் போகிறது. இலவச ரீசார்ஜ் என்று இணைப்பும் வருகிறது.

பணம் போவது காலர் டியூன், ஜோதிடம் போன்ற கூடுதல் சேவைகளால் இருக்கலாம். 155223 என்ற எண்ணுக்கு அழைத்து எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் இலவச ரீசார்ஜ் இணைப்பு எதுவும் உண்மையல்ல, தொடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

புகாரை நிறுவனம் கண்டுகொள்ளவில்லை என்றால்?

நிறுவனத்தின் புகார் மையமான 198க்கு அழைத்துப் பதிந்து, புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீர்வு வராவிட்டாலோ, வந்த தீர்வு சரியில்லை என்றாலோ 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குக் கட்டணமின்றி எழுதலாம். மேல்முறையீட்டுக்கு அந்தப் புகார் எண் வேண்டும். தனிநபர் புகார்களை ட்ராய் நேரடியாக விசாரிப்பதில்லை. மேல்முறையீட்டிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.